எண்ணக் கற்றுத்தரும் கணினி விளையாட்டுகள்: முதல்முறை தொடங்குபவர்களுக்கு

மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை மளமளவென்று ஒப்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் பூரிப்பாக இருக்கும். அதே குழந்தையிடம் “ஐந்து புளியங்கொட்டை எடுத்துக் கொடு” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது வேறு, எண்ணுவது வேறு. ‘எண்கள் கற்கலாம்’ என்ற பெயரில் கிடைக்கும் விளையாட்டுகளில் பலவும் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. பாட்டு ஓடும், வண்ண எண்கள் குதிக்கும், குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கும். உண்மையாகவே எண்ண வைக்கும் விளையாட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது, கணினியில் எப்படி நிறுவுவது, எந்த வரிசையில் ஆட விடுவது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன். 3 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதலில் தரையில் ஒரு சோதனை

கணினியைத் திறப்பதற்கு முன் குழந்தை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்து புளியங்கொட்டை போதும். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால் எலுமிச்சம்பழமோ கரண்டியோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். அப்போது விரலையும் வாயையும் சேர்த்துக் கவனியுங்கள். விரல் ஒரு கொட்டையைத் தொடும்போது வாய் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்கிறதா? சில பிள்ளைகளுக்கு வாய் முந்தும், சிலருக்கு விரல் முந்தும். எண்ணி முடித்ததும் “அப்படியென்றால் மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். “ஐந்து” என்று சொன்னால் நல்லது. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் பிடிபடவில்லை. மூன்றாவதாக, குவியலிலிருந்து இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒவ்வொரு முறையும் ஒரு எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த எண் வரை தப்பாமல் கொடுக்கிறது என்று ஒரு தாளில் தேதியோடு குறித்துவையுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் நல்ல ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோஷல் கெல்மனும் சி.ஆர். கலிஸ்டலும் 1978-இல் எண்ணுவதற்குள் அடங்கியிருக்கும் விதிகளை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரு பொருளுக்கு ஒரே எண், எண்களின் வரிசை மாறாதது, கடைசி எண்ணே மொத்தம் ஆகிய மூன்றும் எப்படி எண்ணுவது என்பதைப் பற்றியவை. எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது என்பவை மற்ற இரண்டு. “மூன்று கொடு” என்று கேட்டுப் பார்க்கும் முறையைக் கேரன் வின் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் விரிவாகப் பயன்படுத்தினார். பிள்ளைகள் முதலில் ஒன்றின் பொருளையும், பிறகு இரண்டின் பொருளையும், பிறகு மூன்றின் பொருளையும் படிப்படியாகப் பிடிக்கிறார்கள், இதற்கே மாதக்கணக்கில் ஆகிறது என்பது அவர் கண்டது. இருபது வரை ஒப்பிக்கும் குழந்தை மூன்றோடு நின்றுவிட்டால் கவலைப்பட ஒன்றும் இல்லை, அது வளர்ச்சியின் வழக்கமான போக்கு.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஒரு விளையாட்டு எண்ண வைக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஐந்து நிமிடம் நீங்களே ஆடிப் பாருங்கள். எண்ணாமலே ஜெயிக்க முடிகிறதா? படத்தைத் தொட்டவுடன் அதுவே எண்ணிச் சொல்லிவிட்டால் குழந்தைக்கு வேலை இல்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லி, தவறாகத் தொட்டாலும் எதுவும் நடக்காமல் மறுபடி தொட விட்டால், குழந்தை நான்கையும் வரிசையாகத் தொட்டு முடித்துவிடும். விளம்பரம் இடையில் வந்தால் அந்த விளையாட்டைக் கையால் தொடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு விளம்பரம் எது, விளையாட்டு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜிகாம்ப்ரி. இணையத்தில் தேடும்போது ஆங்கிலத்தில் ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்ற எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். பிரான்சைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் புரூனோ கூதுவான் 2000-இல் தொடங்கிய திட்டம் இது. 2014 முதல் அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டு, இன்று கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். 2 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. விலை கிடையாது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி ஒன்று பீரோ மேல் சும்மா கிடந்தால், முதலில் அதிலேயே முயன்று பாருங்கள். இதற்கென்று புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை.

எண்களின் அளவை ஒப்பிடுவதில் தடுமாறும் பிள்ளைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட இன்னொரு விளையாட்டும் உண்டு. அனா வில்சன், ஸ்தனிஸ்லாஸ் தெஹான் என்ற ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ‘நம்பர் ரேஸ்’ அது. இரண்டு குவியல்களில் பெரியதை எதிராளிக்கு முன்பு தேர்ந்தெடுத்து, அத்தனை கட்டங்கள் முன்னேற வேண்டும். குழந்தை தவறினால் கேள்விகள் தாமாகவே எளிதாகும். ஜிகாம்ப்ரியில் சில மாதம் பழகியும் ஐந்துக்கும் எட்டுக்கும் எது பெரிது என்று குழம்பும் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

நிறுவுவதும் அமைப்பதும்

விண்டோஸ் என்றால் ஜிகாம்ப்ரியின் சொந்தத் தளத்துக்குச் சென்று பதிவிறக்குங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் கோப்புகளை எடுக்காதீர்கள். உபுண்டு போன்ற லினக்ஸில் மென்பொருள் மையத்தில் பெயரைத் தேடினாலே வந்துவிடும். ஆண்ட்ராய்டு என்றால் ப்ளே ஸ்டோர். முதல்முறை திறக்கும்போது இணைய இணைப்பு இருக்கட்டும், குரல் கோப்புகளை அப்போது பதிவிறக்கிக்கொள்ளும். அதன்பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டே ஆட விடலாம். அப்படித் துண்டித்து வைப்பதை நான் வலியுறுத்துவேன்.

முதல் திரையின் கீழே உள்ள பட்டையில் அமைப்புகளுக்கான சின்னம் இருக்கும். அதற்குள் நான்கு காரியங்களை முடித்துவிடுங்கள். பட்டியலில் தமிழ் இருந்தால் மொழியை அதற்கு மாற்றுங்கள். எண்கள் உங்கள் வீட்டு மொழியில் ஒலிக்கவில்லை என்றால் குரலை நிறுத்திவிட்டு நீங்களே சொல்லுங்கள். பத்து வரை உறுதியாகும் வரை ஒரே மொழியில் எண்ணுவது பிள்ளைக்குச் சுமையைக் குறைக்கும். பின்னணி இசையை அணைத்துவிடுங்கள், எண்ணும்போது அது இடைஞ்சல். முழுத்திரையை இயக்குங்கள், சின்ன விரல் தவறுதலாக வேறு சாளரத்துக்குப் போகாது. கடைசியாக, கடினத்தன்மையைக் குறிக்கும் நட்சத்திரங்களைச் சரிசெய்யுங்கள். இந்த விளையாட்டுகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை நட்சத்திரங்கள் உண்டு. முதல் மூன்று 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, அடுத்த மூன்று 7 வயதுக்கு மேல். இப்போதைக்கு மூன்றுக்கு மேலுள்ளவற்றை மறைத்துவிட்டால் குழந்தை தனக்குப் புரியாத இடத்தில் போய் மாட்டிக்கொள்ளாது.

மவுஸ் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதல் சில நாட்கள் எண்களே வேண்டாம். திரையை மூடியிருக்கும் கட்டங்களின்மேல் மவுஸை ஓட்டினால் அவை மறைந்து அடியில் உள்ள படம் தெரியும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. மீன் தொட்டியில் நீந்தும் மீன்களைச் சொடுக்கிப் பிடிக்கும் விளையாட்டும் இருக்கிறது. கை பழகாத குழந்தை எண்ணுவதில் தவறு செய்கிறதா, மவுஸைப் பிடிப்பதில் தவறு செய்கிறதா என்று பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாது. அதனால்தான் இந்த வரிசை.

பொருள்களை எண்ணும் விளையாட்டு

கணக்குப் பகுதியில் எண்கள் பற்றிய பிரிவுக்குள் சென்றால் இது இருக்கும். பழங்கள் திரையெங்கும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு வகையிலும் எத்தனை என்று எண்ணி, ஓரத்திலுள்ள பட்டியலில் அந்தப் பழத்துக்கு எதிரே எண்ணை இட வேண்டும். பார்க்க மிகச் சாதாரணம். ஆனால் பழங்களை மவுஸால் பிடித்து நகர்த்த முடியும், ஒன்றின்மேல் ஒன்று கிடக்கவும் செய்யும். எனவே எண்ணுவதற்கு முன் பிரித்து அடுக்க வேண்டும் என்பதைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கிறது. எண்ணுவதில் மிக முக்கியமான பழக்கம் இதுதான்: எண்ணியதை ஒரு பக்கம், எண்ணாததை ஒரு பக்கம் வைத்துக்கொள்வது.

என் அக்கா மகள் நான்கு வயதில் இதை ஆடியதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்து இடது ஓரத்தில் வரிசையாக நிறுத்தினாள். இழுக்கும்போதே எண்ணைச் சொன்னாள். ஐந்து என்று முடித்து விடையைப் போட்டால் ஏற்கவில்லை. மறுபடி எண்ணினாள், மறுபடி ஐந்து. உதடு பிதுங்கியது. ஒரு வார்த்தை சொல்லாமல் காத்திருந்தேன். மூன்றாவது ஆரஞ்சை மட்டும் சற்று நகர்த்தினாள், அடியில் இன்னொன்று ஒளிந்திருந்தது. “மாமா!” என்று கூவியபடி அதை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தி, ஆறு என்று அவளே விசையைத் தட்டினாள். கணினி அங்கே எதையும் கற்றுத்தரவில்லை. தவறை மறைக்கவும் இல்லை, விடையைச் சொல்லிவிடவும் இல்லை. ஒரு நல்ல எண் விளையாட்டுக்கு அவ்வளவு போதும்.

இதை ஆட விடும் முன் அந்த விளையாட்டின் அமைப்புக்குள் போய், விடையைத் தானாகச் சரிபார்க்காமல் சரி பொத்தானை அழுத்திய பிறகே சரிபார்க்கும்படி மாற்றிவையுங்கள். தானாகச் சரிபார்க்க விட்டால் குழந்தை 1, 2, 3, 4 என்று வரிசையாகத் தட்டிப் பார்த்து, எங்கே ஏற்கிறதோ அங்கே நிறுத்தும் தந்திரத்தை விரைவிலேயே பிடித்துக்கொள்ளும். எண் வடிவங்கள் தெரியாத பிள்ளைக்கு விசையைத் தட்டுவது உங்கள் வேலை, எண்ணுவது மட்டும் அதன் வேலை.

அடுத்து ஆட வேண்டியவை

இலக்கத்தைக் காட்டி அத்தனை வட்டங்களை நிரப்பச் சொல்லும் விளையாட்டு இரண்டாவது. தரையில் “மூன்று கொடு” என்று கேட்டோமே, அதன் கணினி வடிவம் இது. இருப்பதை எண்ணுவதைவிட, சொன்ன அளவுக்கு உருவாக்குவது பிள்ளைகளுக்குக் கடினம். ஏனெனில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். பொருள்களை எண்ணும் விளையாட்டில் நன்றாக ஆடிய பிள்ளை இதில் திணறினால் வியப்படையாதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம்.

பிறகு பனிக்கட்டிகளின்மேல் நிற்கும் பென்குயின். கொஞ்ச தூரத்தில் ஒரு மீன் இருக்கும். அடுத்த கட்டியிலிருந்து மீன் இருக்கும் கட்டி வரை எத்தனை பனிக்கட்டிகள் என்று எண்ணி, பகடையில் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் பென்குயின் அத்தனை அடி நகரும். இங்கே பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் தவறு, பென்குயின் நிற்கும் கட்டியையும் சேர்த்து எண்ணிவிடுவது. “எங்கிருந்து குதிக்கிறது? முதல் குதிப்பு எங்கே விழும்?” என்று திரையில் விரலை வைத்துக் கேளுங்கள்.

எண் வரிசையில் புள்ளிகளைத் தொட்டுப் படம் வரைவது, ஹெலிகாப்டரை நகர்த்தி மேகங்களிலுள்ள எண்களை முறைப்படி பிடிப்பது ஆகிய இரண்டும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இவை எண்களின் வரிசையைப் பழக்குகின்றனவே தவிர அளவைக் கற்றுத்தருவதில்லை. ஆகவே இவற்றை இடையிடையே வைத்துக்கொள்ளுங்கள். பகடை மேலிருந்து விழும், தரையைத் தொடுவதற்குள் புள்ளிகளை எண்ணி விசையைத் தட்ட வேண்டும் என்ற விளையாட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நேரம் துரத்தும்போது, எண்ணத் தெரியாத பிள்ளை யூகிக்கத் தொடங்கிவிடும். பகடையின் மூன்றையும் நான்கையும் எண்ணாமலே பார்த்தவுடன் சொல்லும் நிலை வந்த பிறகு அது மிக நல்ல பயிற்சி.

பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

கணினியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டால் பாதிப் பயன் போய்விடும். கீத்தா ராமானி, ராபர்ட் சீக்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைகள், 1 முதல் 10 வரை நேர்கோட்டில் எண்கள் எழுதிய பலகையில் ஒரு பெரியவருடன் இரண்டு வார காலத்தில் நான்கு முறை மட்டும், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரத்தை ஒட்டி ஆடினார்கள். எண்ணுவது, எண் வடிவத்தை அடையாளம் காண்பது, எது பெரிது என்று சொல்வது எல்லாவற்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. எண் இல்லாமல் வண்ணங்கள் மட்டும் உள்ள பலகையில் ஆடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை.

அதே துறையில் பின்னர் தெரிந்த ஒரு நுணுக்கம் நமக்கு நேரடியாகப் பயன்படும். காய் 5-இல் நிற்கிறது, இரண்டு விழுந்திருக்கிறது என்று வையுங்கள். நகர்த்தும்போது “ஒன்று, இரண்டு” என்று சொல்வதைவிட, கட்டத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து “ஆறு, ஏழு” என்று சொன்ன பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். வீட்டில் இதைச் செய்ய ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்து கட்டங்களை இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் வரையுங்கள். பரமபதப் பலகையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது ஒவ்வொரு வரிசையிலும் திசை மாறுவதால், எண் கூடக் கூட எந்தப் பக்கம் போகிறது என்பது சிறு பிள்ளைக்குத் தெளிவாகாது.

கணினி முன்னால் பேச வேண்டியவை கொஞ்சம்தான். “எப்படிக் கண்டுபிடித்தாய்?”, “எங்கிருந்து தொடங்கினாய்?”, “வலது பக்கத்திலிருந்து எண்ணினால் எத்தனை வரும்?” இந்த மூன்றும் நாள்தோறும் பயன்படும். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். தவறும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு செய்துவிட்டோம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. பல்லாங்குழி ஆடிய கைகள் அவை. ஒரு குழிக்கு ஒரு முத்து என்று போட்டுக்கொண்டே போவதில்தான் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்ற விதி பழகுகிறது. கணினியை மூடியதும் பலகையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆட்ட விதிகள் இப்போது வேண்டாம், குழிக்கு ஐந்தாக நிரப்பினாலே போதும்.

எவ்வளவு நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 2 முதல் 4 வயது வரை திரையின் முன் அமரும் நேரம் ஒரு நாளில் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. 2 வயதுக்குக் கீழே திரையே வேண்டாம். அந்த ஒரு மணியில் தொலைக்காட்சியும் அலைபேசியும் அடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆகவே எண் விளையாட்டுக்கு 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு விளையாட்டு, அதிகம் போனால் இரண்டு. பாதியில் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள். சோறு ஊட்டும்போது இதைத் திறந்து வைக்காதீர்கள், அது எண்ணும் நேரம் ஆகாது.

எப்போது அடுத்த கட்டம்

மாதம் ஒருமுறை அதே புளியங்கொட்டைச் சோதனையைச் செய்து தாளில் குறியுங்கள். விளையாட்டு காட்டும் நிலை எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். எட்டாம் நிலைக்குப் போன பிள்ளை தரையில் ஆறு கொட்டை எண்ணிக் கொடுக்கத் தடுமாறினால், அது விளையாட்டின் போக்கைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்போது நிலையைக் கீழே இறக்கி, பொருள்களை எண்ணும் விளையாட்டுக்கே திரும்புங்கள்.

பத்து வரை எந்த எண்ணைக் கேட்டாலும் தப்பாமல் எண்ணிக் கொடுத்தால் கூட்டலுக்குப் போகலாம். ஜிகாம்ப்ரியிலேயே பத்தை நிரப்பும் விளையாட்டு இருக்கிறது: 7-க்கு 3, 6-க்கு 4 என்று சேர்த்துப் பத்தாக்க வேண்டும். முதலில் தரையில் பத்து கொட்டைகளை வைத்து, நான்கை உள்ளங்கையால் மூடி, “மூடியிருப்பது எத்தனை?” என்று கேட்டுப் பழக்கிவிட்டு அதைத் திறங்கள். விண்ணிலிருந்து விழும் கணக்குகளுக்கு விடையைத் தட்டித் தடுக்கும் டக்ஸ் மேத் என்ற இன்னொரு இலவச விளையாட்டைப் பற்றியும் பலர் சொல்வார்கள். அது விரைவுப் பயிற்சிக்கானது, பள்ளியில் கூட்டல் ஓரளவு பழகிய பிறகு நிறுவினால் போதும். அதன் தொடக்கப் பாடங்களில் விழும் எண்ணை அப்படியே தட்டச் சொல்லும் பயிற்சி உண்டு, விசைப்பலகையில் எண்களைத் தேடித் திணறும் பிள்ளைக்கு அதை மட்டும் முன்கூட்டியே கொடுக்கலாம்.